ஜான் டூயி

ஜான் டூயி (அக்டோபர் 20, 1859 - ஜூன் 1, 1952) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மெய்யியலாளர், உளவியலாளர், கல்வியியலாளர். பயன்வழிக் கொள்கையின் முன்னோடிகளுள் ஒருவர். செயல்வழிக் கல்விக்காகவே இவர் பெரிதும் அறியப்படுகிறார். ஆயினும் பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பாகத் திரள்வதற்கு வழிகோலியவர்களிலும் இவர் முதன்மையானவர்.

வாழ்க்கைச் சுருக்கம்

வெர்மாண்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் பிறந்தார். வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தில் 1879-ல் பட்டம் பெற்று, சிறிது காலம் பள்ளியாசிரியராக இருந்தார். ஜான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகத்தில் 1884-ல் முனைவர் பட்டம் பெற்றபின் மிச்சிகனிலும், 1894 முதல் சிகாகோவிலும் பேராசிரியராகப் பணியாற்றினார். சிகாகோவில் தாம் தொடங்கிய சோதனைப் பள்ளியின் நிருவாகம் குறித்துப் பல்கலைக்கழகத் தலைவருடன் எழுந்த பிணக்கால் 1904-ல் பதவி விலகி, நியூயார்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1913 முதல் 1916 வரை அங்கு பயின்ற அம்பேத்கர் இவருடைய மாணவர்.

பேராசிரியர் சங்கம்

அக்காலத்தில் அமெரிக்கப் பேராசிரியர்களுக்குப் பணிப் பாதுகாப்பு இல்லை. நிதி வழங்கும் செல்வந்தர்களும் அறங்காவலர்களும் விரும்பாத கருத்தைக் கூறியவர் வேலையிழக்க நேரிடும். பொருளியலாளர் எட்வர்ட் ராசு 1900-ல் சுடான்போர்டு பல்கலைக்கழகத்திலிருந்து இவ்வாறே வெளியேற்றப்பட்டார். அதைக் கண்டித்து அங்கிருந்து விலகிய மெய்யியலாளர் ஆர்தர் லவ்ஜாயும் டூயியும் முன்னின்று, 1915 சனவரியில் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தை நிறுவினர். டூயி அதன் முதல் தலைவரானார். அவ்வாண்டிலேயே கல்விச் சுதந்திரம், பணி நிலைப்பு ஆகியவற்றை வலியுறுத்தும் கொள்கை அறிக்கை வெளியானது.

இச்சங்கம் தொடக்கத்தில் தொழிற்சங்கமாக இருக்கவில்லை. தொழிலாளர் சங்கம் போலாகிவிடுமோ என்ற தயக்கம் பேராசிரியர் பலரிடம் காணப்பட்டது. நீண்டகாலம் பதவியிலிருந்த அறிஞர்களே உறுப்பினராக இயன்றதால், எளிதில் நீக்கப்படக்கூடிய இளம் ஆசிரியர்கள் வெளியிலேயே நின்றனர். இது அதன் பெருங்குறை எனலாம்.

டூயிக்கு அத்தயக்கம் இல்லை. அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்புடன் இணைந்த அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பு 1916-ல் தோன்றியபோது, அதன் நியூயார்க் கிளையில் உறுப்பினராகச் சேர்ந்தார். ஆசிரியரும் உழைப்பாளியே என்பது அவர் நிலைப்பாடு. தாம் ஆசிரியர் சங்கத்தில் இருப்பதன் காரணத்தை விளக்கி 1928-ல் தனிக் கட்டுரையே எழுதினார்.

போர்க்காலச் சோதனை

முதலாம் உலகப்போரில் அமெரிக்கா பங்கேற்பதை டூயி ஆதரித்தார். ஆனால், கட்டாயப் படைச்சேர்ப்பில் சேர்க்கப்பட்டோரைப் போருக்கு அனுப்புவதை எதிர்த்து நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதிய சக பேராசிரியர் சேம்சு கேட்டலைக் கொலம்பியா 1917 அக்டோபரில் நீக்கியபோது அதை அவர் ஏற்கவில்லை. பல்கலைக்கழகக் குழுவொன்றிலிருந்து விலகித் தம் எதிர்ப்பைக் காட்டினார். வரலாற்றாசிரியர் சார்லசு பியர்டு பதவியையே துறந்தார். டூயி பதவி துறக்கவில்லை. இவ்விருவரும் 1919-ல் நியூயார்க்கில் புதிய சமூக ஆய்வுப் பள்ளியை உருவாக்கியோருள் அடங்குவர். பேராசிரியர் சங்கமோ போர்க்காலக் கட்டுப்பாடுகள் சிலவற்றுக்கு இணங்கிப்போனது.

பிளவு

1930களில் நியூயார்க் கிளையில் பொதுவுடைமையருக்கும் பழைய தலைமைக்கும் மோதல் முற்றியது. 1933-ல் இதனை ஆராய்ந்த குழுவுக்கு டூயி தலைமை தாங்கினார். குழுவின் பரிந்துரைக்குப் போதிய ஆதரவு கிடைக்கவில்லை. 1935-ல் பழைய தலைவர்கள் வெளியேறி ஆசிரியர் கில்டு என்னும் புது அமைப்பைக் கண்டனர்; டூயியும் அவர்களுடன் சென்றார். கருத்துச் சுதந்திரத்துக்காக நின்றவர் ஒரு தரப்புடன் சங்கத்தை விட்டுச் சென்றது பின்னாளில் விவாதத்துக்கு உள்ளானது.

இறுதிக் காலம்

1930-ல் ஓய்வு பெற்றபின்னும் எழுதிவந்த டூயி, 1952-ல் நியூயார்க்கில் காலமானார். ஆசிரியர் கில்டு 1960-ல் வேறொரு குழுவுடன் சேர்ந்து ஐக்கிய ஆசிரியர் கூட்டமைப்பாக மாறியது. பேராசிரியர் சங்கம் கூட்டுப் பேரத்தை 1972-ல் ஏற்றது. 2022-ல் அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்புடன் இணைந்தது.