மணி அடித்த பின் வகுப்புக்குள் நுழைந்த மாணவர்

படிக்க நகரத்துக்குப் போகும் நம் பிள்ளைகள், பாடத்தைவிட ஒரு கேள்விக்குத்தான் அதிகம் அஞ்சுகிறார்கள்: ஊரில் எந்தத் தெரு? 19ஆம் நூற்றாண்டிலேயே அந்த அச்சத்தோடு படித்தவர் இரட்டைமலை சீனிவாசன்.

செங்கல்பட்டு வட்டாரத்துக் கோழியாளத்தில் பிறந்த அவர், கோயம்புத்தூரில் படித்தார். உடன் படித்தவர்களில் பெரும்பாலோர் பிராமணர்கள். சாதி தெரிந்துவிடக் கூடாதே என்று வெளியில் எங்காவது உட்கார்ந்து படித்திருந்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவார். வகுப்பு முடிந்ததும் யாரும் உடன் வருவதற்குள் விரைந்து வீடு சேர்வார். இதை 1939இல் வெளியான தம் ஜீவிய சரித்திர சுருக்கத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

படிப்பு முடிந்து நீலகிரியில் ஐரோப்பியர் நிறுவனத்தில் கணக்கர் வேலை. மாதச் சம்பளத்தோடு அங்கேயே காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் சென்னைக்கு வந்து, ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையை ஆராய்வதில் இறங்கினார். 1893 அக்டோபரில் ஓர் இதழ் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. கல்லூரியில் மறைத்த பெயரை அச்சில் ஏற்றி ஊரறியச் செய்தார். நாம் அறிந்தவரை அவர் வாழ்வின் பெரிய திருப்பம் இதுதான்.

1900இல் இங்கிலாந்து போகும் எண்ணத்தோடு கப்பல் ஏறியவர், ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. இதழும் நின்றது. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். 1921இல் ஊர் திரும்பியபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. பலர் ஓய்ந்து உட்காரும் அந்த வயதில் அவர் மறுபடி தொடங்கினார்.

1923இல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் உறுப்பினரானார். பொதுச்சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் ஒடுக்கப்பட்டோரைத் தடுக்கக் கூடாது என்று அவர் கொண்டுவந்த தீர்மானம் 1924இல் நிறைவேறியது; அரசாணையும் வெளிவந்தது. எழுபது வயதில் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போய் நம் மக்களுக்காகப் பேசினார். 1945 செப்டம்பர் 18இல் மறைந்தார்.

அந்த ஆணைக்கு நூறாண்டு கடந்துவிட்டது. பொதுப்பாதையில் நடக்கவும் பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்கவும் இன்றும் சில ஊர்களில் நாம் மனுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மனுவில் அந்த 1924ஆம் ஆண்டையும் சேர்த்து எழுதுவோம். விடுதிக்குப் புறப்படும் பிள்ளையின் பெட்டியில் அவருடைய அந்தச் சிறு நூலும் இருக்கட்டும்.