50 வயதில் ஒரே நிமிடத்தில் வென்ற காமா: வயது ஏற ஏற உடல் பலம் எங்கே போகிறது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக ஜிம்முக்குப் போகிறவர்களில், 35 வயதைத் தாண்டியவர்கள் பலருக்கு ஒரு கவலை உண்டு. போன வருஷம் வரைக்கும் சுலபமா தூக்கின வெயிட் இப்ப ஏன் இப்படிக் கனக்குது? அவ்வளவுதானா, நம்ம கதை முடிஞ்சுதா? ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஜிம் பக்கம் போனால் இந்தப் புலம்பல் காதில் விழாமல் இருக்காது.

இதற்குப் பதில் தேட ஒரு பயில்வானின் வாழ்க்கை நன்றாக உதவும். 2022 மே 22 அன்று கூகுள் முகப்பில் கதாயுதத்தோடு நின்றாரே, அவர்தான். காமா.

முழுப் பெயர் குலாம் முகமது பக்ஷ் பட். பிறந்தது 1878-ல், காஷ்மீரைப் பூர்விகமாகக் கொண்ட மல்யுத்தக் குடும்பத்தில். ஆறு வயதிலேயே அப்பா இறந்துவிட, தாத்தாவும் பிறகு மாமாவும் வளர்த்தார்கள். 1888-ல் ஜோத்பூரில் ஒரு போட்டி. 400-க்கும் மேற்பட்ட பயில்வான்களுக்கு நடுவே பத்து வயதுப் பையன் பஸ்கி எடுத்துக்கொண்டே இருக்கிறான். கடைசி 15 பேரில் ஒருவனாக அவன் நின்றதைப் பார்த்த மகாராஜா, வயதைக் கருதி அவனையே வெற்றியாளன் என்று அறிவித்துவிட்டார்.

வளர்ந்த பிறகு தினமும் 3,000 தண்டால், 5,000 பஸ்கி எடுத்தார் என்று சொல்வார்கள். எண்ணிக்கையில் கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனால் அவர் பஸ்கிக்குப் பயன்படுத்திய 95 கிலோ வட்டு, பட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1902-ல் பரோடாவில் 1,200 கிலோ கல்லைத் தூக்கினார் என்ற கதையைத்தான் அப்படியே நம்ப முடியவில்லை. டெட்லிஃப்ட்டில் மனிதன் 500 கிலோவைத் தொட்டதே 2016-ல்தான். கல்லை அவர் அசைத்திருக்கலாம், ஒரு பக்கம் நிமிர்த்தியிருக்கலாம். அதுவே சாதாரண விஷயம் இல்லை. அப்போது அவருக்கு வயது 24. நம்ம தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் என்று பெயர் வைத்தவர்களுக்கும் கல் தூக்குகிற வயது எதுவென்று தெரிந்திருக்கிறது.

இரண்டரை மணி நேரம், ஒரு நிமிடம்

1910-ல் தம்பி இமாம் பக்ஷுடன் லண்டன் போனார் காமா. உயரம் குறைவு என்று போட்டியில் சேர்க்க மறுத்தார்கள். எந்த எடைப் பிரிவாக இருந்தாலும் சரி, 30 நிமிடத்தில் மூன்று பேரைச் சாய்க்கிறேன் என்று சவால் விட்டார். முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு அமெரிக்காவின் பெஞ்சமின் ரோலர் வந்து தோற்றார். அடுத்து, செப்டம்பர் 10 அன்று, போலந்தின் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ. காமாவைவிட நல்ல கனமான ஆள். அவர் பெரும்பாலான நேரம் பாயில் ஒட்டிக்கொண்டு தற்காப்பிலேயே கிடக்க, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இழுத்த ஆட்டம் முடிவே இல்லாமல் நின்றது. ஒரு வாரம் கழித்து மறு ஆட்டம் வைத்தார்கள். ஸ்பிஸ்கோ வரவில்லை.

18 ஆண்டுகள் போயின. 1928 ஜனவரியில் பட்டியாலாவில் இருவரும் மறுபடி மோதினார்கள். காமாவுக்கு 50 நெருங்கிவிட்டது. ஸ்பிஸ்கோவும் கிட்டத்தட்ட அதே வயதுக்காரர்தான். ஆனால் மூன்று வருஷம் முன்புதான் அமெரிக்காவில் உலகப் பட்டம் வென்றிருந்ததால், ஓய்ந்துபோனவர் என்று சொல்ல முடியாது. இந்த முறை ஒரு நிமிடத்துக்குள் ஆட்டம் முடிந்தது. ஸ்பிஸ்கோ மல்லாந்து கிடந்தார்.

வேகம்தான் முதலில் போகும்

இதில் உடலியல் என்ன இருக்கிறது? நம் தசையில் இரண்டு வகை இழைகள் உண்டு. மெதுவாக, நீண்ட நேரம் உழைப்பவை ஒரு வகை. சட்டென்று வெடித்துக் கிளம்புபவை இன்னொரு வகை. வயதாகும்போது அதிகம் சுருங்குவது இந்த இரண்டாவது வகை. அவற்றுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகளும் குறைகின்றன. அதனால்தான் ஸ்னாட்ச் மாதிரி நொடியில் தூக்க வேண்டியதில் 40-லேயே அடி விழுகிறது. நிதானமாகத் தூக்கும் டெட்லிஃப்ட்டில் சரிவு அவ்வளவு வேகமாக இல்லை.

சரி, அப்படியானால் பளு தூக்குகிறவர்களுக்கு இந்தச் சரிவு குறையுமா? இங்கேதான் ஒரு ட்விஸ்ட். 40 முதல் 87 வயது வரையான மூத்த பளுதூக்கும் வீரர்களையும் பயிற்சி இல்லாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. வெடிப்புச் சக்தி இரு தரப்பிலும் ஆண்டுக்குச் சுமார் 1.2 முதல் 1.3 சதவீதம் என்று ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் குறைந்தது. அசையாத எடையை இழுக்கும் வெறும் பலம் அதில் பாதி வேகத்தில் குறைந்தது. ஆனால் 85 வயது பளுதூக்குநரின் சக்தி, பயிற்சி இல்லாத 65 வயதுக்காரரின் சக்திக்குச் சமமாக இருந்தது.

செம்பரம்பாக்கம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். கோடையில் வெயில் எல்லா வருஷமும்தான் தண்ணீரைக் குடிக்கிறது. ஆனால் 24 அடி நிரம்பி நின்ற வருஷமும் 10 அடியோடு நின்ற வருஷமும் மே மாதத்தில் ஒன்றாகவா இருக்கும்? காமாவுக்கும் வயது சலுகை காட்டவில்லை. பத்து வயதிலிருந்து நிரப்பிய ஏரி அது. கூடவே, எதிராளி எந்தப் பக்கம் சாய்வான் என்று முன்கூட்டியே கணிக்கும் அனுபவம். அது தசை இழையோடு சேர்ந்து சுருங்குகிற சமாச்சாரம் இல்லை.

கடைசிக் காலம் அத்தனை கம்பீரமாக இல்லை. பிரிவினைக்குப் பிறகு லாகூரில் வாழ்ந்த காமாவை இதய நோயும் ஆஸ்துமாவும் வாட்டின. பணக் கஷ்டம் வேறு. தொழிலதிபர் ஜி.டி. பிர்லா மாதாமாதம் பணம் அனுப்பினார். 1960 மே 23-ல், 82-வது பிறந்தநாளுக்கு மறுநாள், காமா இறந்தார். தொடையும் தோளும் இரும்பாக இருந்தால் இதயத்துக்கும் கவசம் போட்ட மாதிரி என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. 40-க்கு மேல் எடை கூட்டப் போகிறவர்கள் முதலில் பிபி பார்த்துக்கொள்வது நல்லது. மூச்சை இறுக்கிப் பிடித்துத் தூக்கும் அந்தச் சில நொடிகளில் ரத்த அழுத்தம் கிடுகிடுவென ஏறும்.

நம்மில் முக்கால்வாசிப் பேர் பத்து வயதில் பஸ்கி எடுத்தவர்கள் இல்லை. ஏரியே நிரம்பாதவர்கள் என்ன செய்வது? 1990-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேருக்குக் கால் தசைக்கான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். சராசரி வயது 90. ஒருவர் மட்டும் பாதியில் நின்றுவிட்டார். எட்டு வாரத்தில் மற்றவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியைக் கீழே வைத்துவிட்டு நடந்தார்கள். பிறகு பயிற்சியை நிறுத்திப் பார்த்தார்கள். நான்கே வாரத்தில் பலம் 32 சதவீதம் இறங்கிவிட்டது.