மில்லுக்குத் தண்ணீர் கேட்கப் போனவர்



நம்ம காலேஜில் யூத் ரெட் கிராஸில் இருந்தவன் நான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சர்டிபிகேட்டுக்காகத்தான் சேர்ந்தேன். இரத்ததான முகாமில் பிஸ்கட் பாக்கெட் கொடுத்ததோடு என் தொண்டு முடிந்தது.

இப்போது மசினகுடி பக்கம் சிங்காராவில் மின் நிலையத்தில் வேலை. பைக்காரா தண்ணீர் குழாயில் மலையிறங்கி வந்து 1932இல் மின்சாரமாகத் தொடங்கிய இடம் இது. போன வருஷம் பள்ளிக்கூடத்தில் ஜூனியர் ரெட் கிராஸ் பிள்ளைகளிடம் பேசக் கூப்பிட்டார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, சண்டை வந்தால் அணை மேல் குண்டு போடலாமா, கூடாதா என்று கேட்டாள். பதில் தெரியாமல் அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு வந்தேன். அன்று ராத்திரிதான் ஹென்றி டூனாண்டைப் படிக்க உட்கார்ந்தேன்.

1828 மே 8 அன்று ஜெனீவாவில் பிறந்தவர். துறவி இல்லை, பிசினஸ்காரர். அல்ஜீரியாவில் மாவு மில் போட்டார். அதற்கு வேண்டிய நிலமும் தண்ணீர் உரிமையும் கிடைக்கவில்லை. பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனையே நேரில் கேட்டுவிடலாம் என்று இத்தாலிப் போர்முனைக்குக் கிளம்பிவிட்டார். தண்ணீருக்காக அலைந்த மனுஷன் என்றதும், அட, நம்ம ஆளு என்று தோன்றியது.

1859 ஜூன் 24, சோல்ஃபெரினோ. ஒரே நாளில் ஏறக்குறைய 40,000 பேர் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். பக்கத்து ஊரான காஸ்டிக்லியோனேயில் தேவாலயம் நிறையக் காயம்பட்டவர்கள். தண்ணீர் கேட்கப் போனவர் அங்கே தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தார். எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று பார்க்காமல், ஊர்ப் பெண்களோடு சேர்ந்து கட்டுப் போட்டார்.

1862இல் கண்டதையெல்லாம் புத்தகமாக எழுதி, சொந்தச் செலவில் 1,600 பிரதிகள் அச்சடித்தார். 1863இல் ஐந்து பேர் கமிட்டி கூடியது. 1864 ஆகஸ்ட் 22இல் 12 நாடுகள் முதல் ஜெனீவா உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டன.

அப்புறம்தான் சறுக்கல். 1867இல் வியாபாரம் திவால். கமிட்டியை விட்டே விலக்கப்பட்டார். ஜெனீவாவிலிருந்து கிளம்பியவர் திரும்பவே இல்லை. பல வருஷம் வறுமை. 1892 முதல் ஹைடன் என்ற மலையூரில் ஆஸ்பத்திரி அறையே வீடு. 1895இல் ஒரு பத்திரிகைக்காரர் கண்டுபிடித்து எழுதிய பிறகுதான் உலகம் அவரை நினைத்தது. 1901இல் முதல் சமாதான நோபல் பரிசு, ஃபிரெடெரிக் பாஸியோடு பாதிப் பாதி. 1910 அக்டோபர் 30இல் காலமானார். அந்த ஊர் ஏழைகளுக்கு ஒரு இலவசப் படுக்கைக்குப் பணம் வைத்துவிட்டுப் போனார்.

சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன பதில்? 1949இன் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளை இந்தியா 1950இல் ஏற்று, 1960இல் சட்டமும் இயற்றியது. 1977இன் முதல் கூடுதல் ஒப்பந்தம், 56ஆம் விதி, வெள்ளம் பாய்ந்து மக்கள் பெருவாரியாகச் சாகும்படி அணைகளைத் தாக்கக் கூடாது என்கிறது, சில விலக்குகளோடு. அந்த ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. ஆனால் 1988இல் பாகிஸ்தானோடு பேசி, அணுமின் நிலையங்களை ஒருவருக்கொருவர் தாக்குவதில்லை என்று ஒப்பந்தம் செய்தோம். 1992 முதல் ஜனவரி 1 தோறும் பட்டியல் மாற்றிக்கொள்வது வழக்கமாயிற்று. அதாவது, அக்கம்பக்கத்தார் உட்கார்ந்து பேசினால் நடக்கிறது. அணைகள் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

மறுபடி அந்தப் பள்ளிக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். அப்படீன்னா அணைக்கும் பேச வேண்டியதுதானே என்றாள். இதற்கும் நான் என்ன பதில் சொல்ல?

டூனாண்ட் பெயரில் தெற்காசியச் சட்ட மாணவர்களுக்கு மாதிரி நீதிமன்றப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். அணை கட்டப் படிக்கும் நமக்கு, அணையைக் காக்கும் சட்டம் பற்றி ஒரு பீரியட்கூட இல்லை. யூத் ரெட் கிராஸ் தம்பி தங்கைகளே, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மசினகுடியிலிருந்து பஸ் பிடித்து வருகிறேன். பிஸ்கட் பாக்கெட்டும் என் செலவு!