டொமினிக் ஜோன் லாரே (1766 – 1842): பறக்கும் அம்புலன்சின் தந்தை

மாணவர்களே, விபத்தொன்றில் பலர் ஒரே நேரத்தில் காயமடைந்தால் முதலில் யாரைக் கவனிப்பது? முதலுதவி அலகைக் கற்கும்போது எழும் இவ்வினாவுக்குப் போர்க்களத்தில் விடை கண்டவர் பிரெஞ்சு சத்திரசிகிச்சையாளரான லாரே ஆவார்.

இளமைக்காலம்

லாரே 1766 யூலை 8இல் பிரான்சின் தெற்கே பிரனீஸ் மலைப்பகுதிக் கிராமமொன்றில் பிறந்தார். தந்தை சப்பாத்துத் தைப்பவர். சிறுவயதிலேயே தந்தையை இழந்த இவரை, துலூஸ் நகரில் சத்திரசிகிச்சையாளராக இருந்த தந்தையின் சகோதரர் வளர்த்துத் தொழிலும் பழக்கினார். பின்னர் கடற்படைக் கப்பலிலும் பாரிஸ் நகரிலும் அனுபவம் பெற்ற லாரே, 1792இல் ரைன் நதிப் பகுதியில் போரிட்ட படையில் சேர்ந்தார்.

அன்றைய நிலை

அக்காலத்தில் படை வைத்தியசாலைகள் போர்முனையிலிருந்து சுமார் 5 கி.மீ. பின்னால் இருக்க வேண்டும் என்பது விதி. சண்டை ஓய்ந்த பின்னரே காயமடைந்தோர் எடுத்துச் செல்லப்பட்டனர். இதற்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அதற்கிடையில் குருதிப்பெருக்கால் பலர் இறந்தனர். எஞ்சியோரின் காயங்கள் அழுகத் தொடங்கின. காயத்தை விடத் தாமதமே அதிகம் கொல்கிறது என்பதை லாரே உணர்ந்தார்.

பறக்கும் அம்புலன்ஸ்

குதிரைகள் இழுத்த பீரங்கிகள் களத்தில் விரைந்து இடம் மாறுவதைக் கண்ட லாரே, காயமடைந்தோருக்கும் அத்தகைய வண்டி ஏன் இருக்கக்கூடாது என எண்ணினார். இரு குதிரைகள் பூட்டிய, பாரம் குறைந்த இரு சக்கர வண்டிகளை அமைத்தார். குலுக்கம் குறைய வில்லுகளும் உள்ளே மெத்தையும் பொருத்தப்பட்டன. கரடுமுரடான நிலத்துக்கு நான்கு சக்கர வண்டி பயன்பட்டது. 1798இல் தொடங்கிய எகிப்துப் படையெடுப்பில் ஒட்டகங்களின் இருபுறமும் கூடைகள் கட்டிக் காயமடைந்தோரை ஏற்றினார். வண்டிகளுடன் பயிற்சி பெற்ற உதவியாளரும் சென்றனர். சண்டை நடக்கும்போதே சிகிச்சை தொடங்கியது.

யார் முதலில்?

காயம் கடுமையானவருக்கே முதலிடம் என்பது லாரேயின் விதி. தளபதியா, சாதாரண வீரனா, எதிரியா என்று அவர் பார்க்கவில்லை. காயப்பட்டோரை இவ்வாறு வகைப்படுத்தும் முறையே இன்றைய விபத்துச் சிகிச்சைப் பிரிவுகளின் அடிப்படையாகும்.

சிகிச்சை அனுபவங்கள்

மயக்க மருந்தோ கிருமிகள் பற்றிய அறிவோ இல்லாத காலம் அது. சிதைந்த கை, கால்களை 24 மணித்தியாலத்துக்குள் அகற்றினால் உயிர் தப்பும் வாய்ப்பு அதிகம் என லாரே கண்டார். 1812இல் ரஷ்யாவில் நடந்த பொரோடினோ சண்டையில் ஒரே நாளில் சுமார் 200 அங்க அகற்றல்களைச் செய்தார்.

கடுங்குளிரில் உறைந்த கால்களை நெருப்பில் காய்ச்சியவர்களுக்கு அவை அழுகியதையும் அவதானித்தார். இக்கருத்து இன்றும் சரியே. ஆனால் பனியால் தேய்க்குமாறு அவர் கூறிய முறை தவறென இன்று அறியப்பட்டுள்ளது. தேய்க்காமல் இளஞ்சூட்டு நீரில் அமிழ்த்துவதே இன்றைய முறை.

அவரைக் காத்த நடுநிலை

1815இல் வாட்டர்லூ சண்டையில் லாரே புரூசியப் படையிடம் அகப்பட்டார். சுட்டுக் கொல்லும்படி கட்டளையும் பிறந்தது. எனினும் அங்கிருந்த வைத்தியர் ஒருவர் அவரை அடையாளம் கண்டார். புரூசியத் தளபதி புளூச்சரின் மகன் முன்பு காயமடைந்து சிறைப்பட்டபோது சிகிச்சையளித்தவர் லாரேயே. அந்நன்றியை மறவாத புளூச்சர் அவரை விடுவித்தார். எதிரியின் மகனென்று அன்று ஒதுக்கியிருந்தால் லாரே உயிர் பிழைத்திருக்க மாட்டார்.

1821இல் இறந்த நெப்போலியன் தமது உயிலில் லாரேக்கு 100,000 பிராங்க் ஒதுக்கியிருந்தார். லாரே 1842 யூலை 25இல் லியோன் நகரில் காலமானார்.

நினைவில் வைத்திருக்க

• காயமடைந்தவரை விரைவாகச் சென்றடைதல்.
• ஆளைப் பார்க்காது காயத்தின் கடுமையைப் பார்த்தல்.
• குருதிப்பெருக்கைத் தாமதமின்றிக் கட்டுப்படுத்தல்.

பயிற்சி வினாக்கள்

1. லாரேக்கு முன்னர் காயமடைந்த வீரர்கள் இறந்தமைக்கு இரு காரணங்கள் தருக.
2. பறக்கும் அம்புலன்சின் சிறப்பியல்புகள் மூன்று எழுதுக.
3. பேருந்து விபத்தொன்றில் உமது நண்பனுக்குக் கையில் சிராய்ப்பு. அறிமுகமற்ற ஒருவருக்குக் காலில் கடும் குருதிப்பெருக்கு. யாருக்கு முதலில் உதவுவீர்? காரணம் கூறுக.