வீட்டுக்குள் இருந்தே இலக்கணம் கொடுத்த லின்ட்லி மர்ரே



ஆங்கிலம் என்றாலே நம் பிள்ளைகளுக்கு ஒரு நடுக்கம். தமிழ்ப் பாடத்தில் எழுவாய், பயனிலை என்று மளமளவென்று சொல்லும் பிள்ளைகூட, ஆங்கிலப் பாட வேளை வந்ததும் தலையைக் குனிந்து கொள்கிறது. தப்பாகச் சொன்னால் கூட இருக்கிற பிள்ளைகள் சிரிப்பார்களே என்ற பயம். பெற்றோரைக் கேட்டால், எங்களுக்கே தெரியாத பாஷை, நாங்க என்னத்தைச் சொல்லிக் கொடுக்கிறது வாத்தியாரே என்று கையை விரிக்கிறார்கள். இந்தப் பரிசளிப்பு விழா மலரில் உங்களுக்கு ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்லப் போகிறேன். கேளுங்கள். அவர் பெயர் லின்ட்லி மர்ரே. ஆங்கில இலக்கணத்தின் தந்தை என்று பின்னாளில் பெயர் பெற்றவர்.

மர்ரே 1745ஆம் ஆண்டு அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் பிறந்தார். அப்போது அந்த நாடு பிரிட்டிஷாரின் ஆட்சியில் இருந்தது. வீட்டுக்கு மூத்த பிள்ளை. தந்தை ராபர்ட் மர்ரே பெரிய வியாபாரி. பிறகு குடும்பத்தோடு நியூயார்க் நகரில் குடியேறினார். அந்தக் குடும்பத்தின் பெயரால்தான் அந்நகரில் மர்ரே ஹில் என்ற பகுதி இன்றும் வழங்குகிறது.

வசதி இருந்தும் பையனுக்கு வீட்டில் கண்டிப்பு அதிகம். ஒருநாள் சொல்லாமல் வெளியே போனதற்காகத் தந்தை தண்டித்துவிட்டார். பையன் என்ன செய்தான் தெரியுமா? மனம் பொறுக்காமல் வீட்டை விட்டே கிளம்பிவிட்டான். ஓடிப் போகிற பிள்ளைகள் எங்கெங்கோ போவார்கள். இவன் போய்ச் சேர்ந்த இடமோ, நியூ ஜெர்சி மாநிலத்துப் பர்லிங்டன் ஊரில் ஒரு பள்ளிக்கூடம்! பிறகு வீட்டார் கண்டுபிடித்து அழைத்து வந்தார்கள். தந்தையும் மனம் இளகி, வீட்டிலேயே ஆசிரியர் வைத்துப் படிக்க வைத்தார்.

தந்தைக்கு மகன் வியாபாரியாக வேண்டும் என்று ஆசை. மகனுக்கோ வழக்கறிஞர் ஆக வேண்டும் என்று ஆசை. அவன் எதிர்த்துப் பேசவில்லை. தன் காரணங்களையெல்லாம் ஒழுங்காக எழுதி, தந்தையின் வழக்கறிஞரிடம் கொடுத்தான். அந்த எழுத்துதான் தந்தையின் மனத்தை மாற்றியது. மொழியைச் சரியாகக் கையாளத் தெரிந்தவனுக்கு எந்தக் கதவும் திறக்கும் என்பதை மர்ரே அன்றே கண்டுகொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வழக்கறிஞர் ஆனார், 1767இல் ஹன்னா என்ற பெண்ணை மணந்தார், பிற்பாடு வியாபாரத்திலும் நல்ல பொருள் சேர்த்தார். நாற்பது வயதை நெருங்கும்போது பேரிடி விழுந்தது. தசைகள் பலம் இழந்தன. நாலடி நடந்தாலே சோர்ந்து போகிற நிலை. வேறு தட்பவெப்பம் உள்ள இடத்துக்குப் போனால் தேவலை என்று மருத்துவர்கள் சொன்னதால், 1784இல் கணவனும் மனைவியும் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்கள். யார்க் நகருக்குப் பக்கத்தில் ஹோல்கேட் என்ற சிற்றூரில் வீடு வாங்கினார்கள். நோய் முழுவதும் தீரவில்லை. கடைசிப் பதினாறு ஆண்டுகள் வீட்டை விட்டு வெளியே வரவும் முடியாமல் போயிற்று.

நடக்க முடியாத மனிதர் என்ன சாதிப்பார் என்று கேட்பீர்கள். இனிமேல்தான் கதையே!

மர்ரே தம்பதியர் குவேக்கர் என்னும் கிறிஸ்துவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். யார்க் நகரில் அப்பிரிவினர் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி நடத்தினார்கள். அங்கே கற்பித்த இளம் ஆசிரியைகளுக்கே இலக்கணத்தில் தடுமாற்றம். அவர்கள் வெட்கப்படாமல் ஹோல்கேட்டுக்கு வந்து மர்ரேயிடம் பாடம் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு ஏற்ற புத்தகம் இல்லாமல் தவிக்கிறோம், நீங்களே ஒன்று எழுதிக் கொடுங்கள் என்று மன்றாடினார்கள். அப்படிப் பிறந்ததுதான் 1795இல் வெளிவந்த ஆங்கில இலக்கண நூல். முன்னோர் நூல்களிலிருந்து தொகுத்ததுதான் என்று அவரே பணிவோடு ஒப்புக்கொண்டார்.

அவர் செய்த உபாயத்தைப் பாருங்கள். முக்கிய விதிகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டார். விளக்கங்களைச் சிறிய எழுத்தில் போட்டார். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய எழுத்து மட்டும் போதும். வளர்ந்த பிறகு சிறிய எழுத்தையும் படிக்கலாம். 1797இல் இளம் பிள்ளைகளுக்காகச் சுருக்க நூலும் வந்தது. அதே ஆண்டில் ஒரு பயிற்சி நூல். அதில் வேண்டுமென்றே தப்பான வாக்கியங்களை அடுக்கி வைத்தார். பிள்ளைகள் அவற்றைத் திருத்த வேண்டும். திருத்தியது சரியா என்று பார்க்க ஒரு விடைநூலும் கொடுத்தார். யாருக்காக? சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் வீட்டில் தனியே படிப்பவர்களுக்காக!

தோட்டத்துப் பெற்றோர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவர் தப்பைக் குற்றமாக வைக்கவில்லை. தப்பைத்தான் பாடமாக வைத்தார்.

என் வகுப்பில் ஒரு மாணவன், ஹீ கோ டு ஸ்கூல் என்றான். வகுப்பே சிரித்தது. நானும் முன்பெல்லாம் அதட்டியிருப்பேன். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று நம்பியவன்தான் நானும். அன்று அதட்டவில்லை. தமிழில், அவன் போகிறேன் என்று சொல்வாயா என்று கேட்டேன். இல்லை சார், அவன் போகிறான் என்றான். அதேதான்டா, இங்கேயும் ஆளுக்குத் தக்கபடி வினை மாறும், ஹீ கோஸ் என்றேன். முகம் மலர்ந்தது. வினைச்சொல் எழுவாயோடு ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் மர்ரே நூலின் தொடரியல் பகுதியில் முதல் விதி. தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு அது பாதி தெரிந்த விதி.

ஒன்றை மறைக்கக் கூடாது. பிற்காலத்தில் பல பள்ளிகளில் அவர் நூலைப் பொருள் புரியாமல் கிளிப்பிள்ளை போல் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அதனால் இலக்கணத்தை வெறுத்த பிள்ளைகளும் உண்டு. நல்ல கருவியும் கையாள்பவர் கையில்தான் இருக்கிறது. ஆசிரியர்களாகிய எங்களுக்கு அது ஓர் எச்சரிக்கை.

மர்ரே எழுதிய பாட நூல்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கோடிக்கு மேல் விற்றிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். கிடைத்த பணத்தை அவர் தருமத்துக்கே கொடுத்தார். 1826இல் மறைந்தார். அதற்குப் பிறகு அமெரிக்காவில், கண் தெரியாத பிள்ளைகள் விரலால் தடவிப் படிக்கும்படி அவருடைய சுருக்க இலக்கணத்தைப் புடைப்பு எழுத்தில் அச்சிட்டார்கள். சொந்தப் பிள்ளை இல்லாத அந்த மனிதர் எத்தனை பிள்ளைகளுக்குத் தகப்பனாகிவிட்டார், பாருங்கள்!

பெற்றோர்களே, விடியற்காலையில் பெரட்டுக்கு எழுந்து போய், உடல் அலுத்து வருகிறீர்கள். எனக்குத் தெரியும். ஆனாலும் இரவில் கால் மணி நேரம் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. இன்றைக்கு எந்த வாக்கியத்தைத் திருத்தினாய் என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். சொல்லச் சொல்லத் தானும் கற்றுக்கொள்ளும்.

மாணவச் செல்வங்களே, இன்று மேடையேறிப் பரிசு வாங்கியவர்களுக்கு வாழ்த்துகள். வாங்காதவர்கள் கலங்க வேண்டாம். நாளைக்கு வகுப்பில் கையைத் தூக்குங்கள். தப்பாக இருந்தாலும் சொல்லுங்கள். திருத்த நாங்கள் இருக்கிறோம்.