காந்தத்தைக் காய்ச்சிப் பார்த்த மேதை

பியரி கியூரியின் வாழ்க்கை

நன்றாகப் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காந்தம் இழுக்காது. அதே இரும்பை ஆறவிட்டால் மறுபடியும் இழுக்கும்!

இந்த விந்தையை அளந்து கணக்கிட்டவர் பிரெஞ்சு விஞ்ஞானி பியரி கியூரி. ரேடியத்தைக் கண்ட மேரி கியூரி அம்மையாரின் கணவர் என்றே பலர் இவரை அறிவார்கள். ஆனால், அம்மையாரைச் சந்திப்பதற்கு முன்பே இவர் காந்த ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார்.

பள்ளிக்கூடம் போகாத பையன்

பியரி 1859-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி பாரீஸ் நகரில் பிறந்தார். தகப்பனார் ஒரு டாக்டர். பையன் எதையும் நிதானமாக யோசிப்பவன். அவனுக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவராது என்று எண்ணி வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். 18 வயதில் பியரி பட்டம் பெற்றார்.

மேலே படிக்க வீட்டில் வசதி இல்லை. ஆய்வுக்கூட உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். 1882-ல் பாரீஸில் ஒரு தொழிற்கல்விப் பள்ளியின் ஆய்வுக்கூடத்தைக் கவனிக்கும் வேலை கிடைத்தது. சம்பளமோ ஆலைத் தொழிலாளியின் கூலி அளவுதான். அந்தச் சம்பளத்திலேயே 12 ஆண்டுகள் ஓடின.

நடைவழியில் ஆராய்ச்சி

அவருக்கென்று தனி ஆய்வுக்கூடம் கிடையாது. மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த குறுகிய நடைவழியே அவருடைய ஆராய்ச்சி இடம்.

சூடுபட்டால் காந்தம் வலுவிழக்கும் என்று இங்கிலாந்து வைத்தியர் கில்பர்ட் 1600-லேயே எழுதியிருந்தார். ஆனால், எந்தச் சூட்டில் எவ்வளவு குறைகிறது? அதைத்தான் கியூரி அளக்க விரும்பினார்.

ஒரு சிறு மின்சார உலையில் பொருளைச் சூடாக்கினார். அதைக் காந்தம் எவ்வளவு இழுக்கிறது என்று நுட்பமான கருவியால் அளந்தார். சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஆயிரம் டிகிரிக்கு மேலும் கொண்டுபோனார். இரும்பு, நிக்கல், காந்தக்கல் எல்லாம் உலைக்குள் போய் வந்தன.

காந்தக்கல் என்பது இரும்பும் பிராணவாயுவும் சேர்ந்த கூட்டுப்பொருள். பூமியில் இயற்கையாகவே கிடைப்பது.

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அந்த அளவுகள் காட்டின. இரும்புக்குச் சுமார் 770 டிகிரி, காந்தக்கல்லுக்குச் சுமார் 580 டிகிரி, நிக்கலுக்குச் சுமார் 358 டிகிரி. அந்த எல்லையைத் தாண்டினால் அவற்றின் காந்த வலு போய்விடும். இந்த எல்லைக்குக் கியூரி வெப்பநிலை என்றே பெயர்.

காரணம் என்ன? காந்தப் பொருளின் அணுக்கள் குட்டிக் காந்தங்கள். அவை ஒழுங்காக அணிவகுத்து நிற்கும்வரை வலு உண்டு. சூடு ஏற ஏற அவை ஆட்டம் போடுகின்றன. எல்லை வந்ததும் அணி கலைந்துவிடுகிறது. ஆறினால் மீண்டும் அணி சேருகின்றன. இது பிற்கால விஞ்ஞானிகள் தந்த விளக்கம்.

திருமணமும் பரிசும்

எஃகின் காந்த குணத்தை ஆராய இடம் தேடிக்கொண்டிருந்தார் போலந்து நாட்டு மாணவி மேரி. 1894-ல் இருவரும் சந்தித்தார்கள். 1895 மார்ச்சில் கியூரி தம்முடைய காந்த ஆராய்ச்சிக்காக டாக்டர் பட்டம் பெற்றார். ஜூலையில் திருமணம். பிறகு ஆளுக்கொரு சைக்கிளில் ஊர் சுற்றக் கிளம்பினார்கள்!

1898-ல் இருவரும் ரேடியத்தைக் கண்டார்கள். 1903-ல் பெக்கெரலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பிரெஞ்சு அரசாங்கம் விருது கொடுக்க முன்வந்தது. கியூரி மறுத்துவிட்டார். தமக்குத் தேவை பதக்கம் அல்ல, ஆய்வுக்கூடமே என்று தெரிவித்தார்.

மனம்போல ஓர் ஆய்வுக்கூடம் அவருக்கு அமையவே இல்லை. 1906 ஏப்ரல் 19-ந் தேதி, மழை நாள். தெருவைக் கடக்கும்போது வழுக்கி விழுந்தார். குதிரை வண்டியின் சக்கரம் தலைமேல் ஏறியது. அவருக்கு வயது 46தான்.

சமையல் அறையில் கியூரி

1930-ல் ஜப்பானில் காட்டோ, டாக்கெய் என்ற இருவர் இரும்பு ஆக்சைடுடன் வேறு உலோக ஆக்சைடுகளைக் கலந்து, சூளையில் சுட்டுக் காந்தப் பொருள் செய்தார்கள். அதற்குப் பெயர் பெரைட். சட்டி பானை சுடுவதுபோலத்தான் இதைச் சுடுகிறார்கள். சூளையின் சூடும், ஆறவைக்கும் வேகமும் மாறினால் காந்த குணமும் மாறும். நாகத்தின் ஆக்சைடை அதிகம் சேர்த்தால் கியூரி வெப்பநிலை இறங்கும்.

சோறு வடிக்கும் மின்சாரக் குக்கர்கள் பலவற்றின் அடியில் இந்தப் பெரைட் இருக்கிறது. அதன் எல்லை சுமார் 103 டிகிரி. தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும். எல்லை வந்ததும் பெரைட் காந்தத்தைக் கைவிடும். அங்குள்ள ஸ்பிரிங் அந்தக் காந்தத்தைப் பிரித்துத் தள்ள, ஸ்விட்ச் மேலே எழும்.

சோறு வெந்துவிட்டது என்று டக்கென்று சொல்லும் அந்த ஓசை, நடைவழியில் நின்று கியூரி அளந்த அளவின் பலன்தான்!