பிரிஸ்டல் ஊரின் படகு மந்திரவாதி



செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போயிருப்பீர்கள். கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு மணலில் நடந்தால் மீனவர்களின் படகுகள் வரிசையாக நிற்கும். இப்போது ஃபைபர் படகுகளே அதிகம். முன்பு மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரங்களை நிறையப் பார்க்கலாம். 'கட்டுமரம்' என்ற நம் தமிழ்ச் சொல்தான் கடல் கடந்து போய் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி, 1697-ல் வெளிவந்த தன் பயண நூலில், சோழமண்டலக் கரையில் வழங்கும் இந்தப் பெயரை எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் பெயர் கொண்ட படகைக் கட்டி அமெரிக்காவையே வியக்க வைத்தவர் நத்தனியேல் ஹெர்ரஷாஃப். பாய்மரப் படகில் கயிறு இழுக்க உதவும் 'வின்ச்' என்ற உருளையைச் சிறப்பாக மேம்படுத்தியவரும் இவரே. இவருடைய கதையைத் தெரிந்து கொள்வோமா?

நத்தனியேல் 1848-ஆம் ஆண்டு மார்ச் 18-ம் தேதி, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ள பிரிஸ்டல் என்ற கடலோர ஊரில் பிறந்தார். அவருடைய அண்ணன் ஜான், ஏழு வயது மூத்தவர். சிறு வயதிலேயே அண்ணனுக்குப் பார்வை போய்விட்டது. ஆனாலும் படகு கட்டும் ஆசை போகவில்லை! தம்பி அண்ணனுக்குக் கண்ணாக இருந்தார்.

நத்தனியேல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்தார். பிறகு நீராவி இயந்திரம் செய்யும் கார்லிஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1876-ல் இரண்டு ஒல்லியான உடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் இணைத்து ஒரு கேட்டமரான் கட்டினார். அதன் பெயர் அமரில்லிஸ். நம் கட்டுமரத்தின் அமைப்பு வேறு. பெயர் மட்டும் நம்முடையது. நியூயார்க்கில் நடந்த பந்தயத்தில் அமரில்லிஸ் மற்ற படகுகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளியது. தோற்றவர்கள் சும்மா இருப்பார்களா? இப்படிப்பட்ட படகுக்கு இந்தப் பந்தயத்தில் இடமில்லை என்று சண்டை போட்டார்கள். பரிசு கை நழுவியது. நத்தனியேல் சோர்ந்து போகவில்லை. அடுத்த ஆண்டே அந்த வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

1878-ல் அண்ணனும் தம்பியும் சேர்ந்து படகுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். தம்பி ஒவ்வொரு படகுக்கும் முதலில் மரத்தில் சிறு மாதிரி செதுக்குவார். அண்ணன் அதை விரல்களால் தடவிப் பார்ப்பார். வளைவு சரியா, தவறா என்று அவருடைய விரல்கள் சொல்லிவிடும்!

படகு பெரிதானால் பாயும் பெரிதாகும். பாய் பெரிதானால் காற்று இழுக்கும் இழுப்பும் கூடும். பாயின் கயிற்றை இழுத்துப் பிடிக்கப் பல மாலுமிகள் வரிசையில் நிற்க வேண்டும். கயிறு நழுவினால் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். இதற்கு உதவுவதுதான் வின்ச்.

கரும்புச்சாறு பிழியும் இயந்திரத்தில் ஒரு பெரிய சக்கரம் இருக்குமே, நினைவிருக்கிறதா? கையால் சக்கரத்தைச் சுற்றினால் கெட்டியான கரும்பும் நசுங்கிவிடும். வின்ச்சும் அப்படித்தான். கயிற்றை ஓர் உருளையில் சில சுற்றுகள் சுற்றி, நீளமான கைப்பிடியால் உருளையைத் திருப்புவார்கள். கைப்பிடியின் நீளம் 24 செ.மீ., உருளையின் ஆரம் 3 செ.மீ. என்று வைத்துக் கொள்ளுங்கள். உராய்வைக் கணக்கில் சேர்க்காவிட்டால், உங்கள் பலம் எட்டு மடங்காகும். உள்ளே பல்சக்கரங்களும் இருந்தால் இன்னும் கூடும்.

1903-ல் நத்தனியேல் கட்டிய ரிலையன்ஸ் படகின் பாய்மர உச்சி, நீர்மட்டத்திலிருந்து சுமார் 61 மீட்டர் உயரம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! அதற்காக அவர் இரண்டு வேகங்களில் இயங்கும் வின்ச்சுகளை வடிவமைத்துத் தளத்துக்குக் கீழே பொருத்தினார். இலங்கையில் தேயிலைத் தோட்டங்கள் வாங்கிய தாமஸ் லிப்டனின் படகு அதனுடன் மோதியது. அமெரிக்கக் கோப்பைக்கான மூன்று பந்தயங்களிலும் ரிலையன்ஸ்தான் வென்றது. 1893 முதல் 1920 வரை நடந்த ஆறு கோப்பைப் போட்டிகளிலும் நத்தனியேலின் படகுகளே வாகை சூடின.

ரிலையன்ஸ் 1913-ல் உடைக்கப்பட்டது. ஆனால் அதன் வின்ச்சுகளைத் தூக்கி எறியவில்லை. பின்னால் வந்த படகுகளில் பொருத்தினார்கள். 1937-ல் வென்ற ரேஞ்சர் வரை அவை உழைத்தன!

இன்று சிறு பாய்மரப் படகிலும் வின்ச் உண்டு. அது தேய்ந்தால் மாற்றுவார்கள். அந்த வேலையில் மிகுந்த கவனம் வேண்டும். பாயின் அளவுக்கு ஏற்ற வின்ச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மரையாணிகள் தளத்தைத் துளைத்துக் கீழே போக, அங்கே ஒரு தகடு வைத்து இறுக்க வேண்டும். துளைகளில் நீர் புகாதபடி பசை தடவ வேண்டும். கயிறு சற்றுத் தாழ்விலிருந்து உருளைக்கு ஏறி வர வேண்டும். இல்லாவிட்டால் சுற்றின் மேல் சுற்று ஏறிச் சிக்கிக் கொள்ளும். பலத்த காற்றில் கயிற்றைத் தளர்த்த முடியாமல் போனால் படகே கவிழக்கூடும். சின்னப் பொருள்தான், ஆனால் படகில் இருப்பவர்களின் உயிர் அதை நம்பியிருக்கிறது.

நத்தனியேல் 1938-ஆம் ஆண்டு ஜூன் 2-ம் தேதி, 90-வது வயதில் காலமானார். பிரிஸ்டல் ஊரின் மந்திரவாதி என்று மக்கள் அவரை அழைத்தார்கள். ஆனால் அவரிடம் மந்திரக்கோல் எதுவும் கிடையாது. அளவுகோலும், உளியும், அண்ணனின் விரல்களும்தான் இருந்தன.

அடுத்த முறை கரும்புச்சாறு குடிக்கும்போது அந்தச் சக்கரத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், செல்லங்களே! கை பலத்தை அறிவு எத்தனை மடங்கு ஆக்குகிறது என்பது புரியும்.